நாதாங்கிய மாட்டிட்டுதான் போனோம்: வீட்ல ஆள் இல்லாதப்ப நாய் அடுப்படில வாய் வைக்காம இருக்க என்ன பண்ணலாம்

நாதாங்கிய, அதான் அடுப்படிக் கதவுச் சங்கிலிய, மாட்டிட்டுதான் போனோம், அத எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அணைச்சு சொல்லுவேன். காரைக்குடியில இருந்து பிள்ளையார்பட்டிக்குப் போயி சாமி கும்பிட்டுட்டு, வர்ற வழில குன்றக்குடியிலயும் மலையேறி எறங்கிட்டு வீட்டுக்கு வந்தா, வளவுல (வீட்டு நடு முற்றம்) ஆரம்பிச்சு முகப்பு (வாசப்பக்கம்) வரைக்கும் ஆத்தங்குடிக் கல்லுத் தரை மேல வெள்ளை வெள்ளையா கால்தடம். அரிசி மாவு. தடத்தப் புடிச்சுக்கிட்டே பின்னால போனா ரெண்டாங்கட்டு, அதத் தாண்டி அடுப்படி, கதவு ஆன்னு தெறந்து கெடக்கு. தங்கச்சி வீட்டுக்குக் குடுத்து விடணும்னு ஆத்தா ரெண்டு நாளா இடுப்பு நோக உக்காந்து சுட்ட சீப்பு சீடைய ஓலைக்கொட்டான்ல போட்டு வச்சிருந்தாக, அந்தக் கொட்டான் நாரு நாரா கெடக்கு, சீடை ஒண்ணு ரெண்டு மிச்சம். புலி (நாய்தான், அப்பச்சி வச்ச பேரு) முகப்புத் தூண் ஓரமா ஒன்னுமே தெரியாத மாதிரி படுத்திருக்கு, மூக்கு நுனில மட்டும் மாவு.

இதுக்கு முன்னாடி அது அடுப்படிக்குள்ள போனப்பெல்லாம் கதவ யாரோ சாத்தாம விட்டுட்டாகன்னு வீட்ல ஒருத்தர ஒருத்தர் கொற சொல்லிட்டு இருந்தோம். இந்தத் தடவ சாத்துனது நானு. அப்ப எப்படிடா தெறந்துச்சு?

அதனால நான் மொதல்ல சொல்றது இதுதான், பூட்டு வாங்காதீங்க, கூண்டு வாங்காதீங்க, யாருகிட்டயும் யோசனை கேக்காதீங்க, ஒரு பழைய போன எடுத்து அடுப்படி வாசல் தெரியிற மாதிரி ஒரு சம்படத்துல சாச்சு வச்சு வீடியோவ ஓட விட்டுட்டு ஒரு அரை மணி நேரம் வெளிய போயிட்டு வாங்க, நெசமாவே போங்க, தெருமுனைல நின்னு எட்டிப் பாத்தா அதுக்கு வாசம் தெரிஞ்சுரும். நாங்க அப்படிப் போட்டுப் பாத்தோம். மொத அஞ்சு நிமிசம் புலி முகப்புல நின்னு பைக் சத்தம் போறதக் கேட்டுக்கிட்டே இருக்கு. சத்தம் அடங்குன ஒடனே திரும்பி நேரா அடுப்படி. எங்க வீட்டு அடுப்படிக் கதவு பழைய எரட்டைக் கதவு, வெளியில சங்கிலி நாதாங்கி, அத நிலைல இருக்கற கொண்டில மாட்டணும். சங்கிலிக்கு கொஞ்சம் தொய்வு இருக்கும்ல, புலி ரெண்டு கதவும் சேர்ற எடத்துல நெத்தியக் குடுத்துத் தள்ளுது, ரெண்டு வெரல் அளவு சந்து விழுது, அதுல மூக்க விட்டு மேலயும் கீழயும் ஆட்டுது. ஆறாவது ஆட்டுலயோ ஏழாவது ஆட்டுலயோ சங்கிலி கொண்டிய விட்டுத் துள்ளி விழுகுது. அப்பத்தா இதப் பாத்துட்டு "நம்ம வீட்டுப் பயலுகளுக்கு இந்தப் புத்தி இருந்தா எங்கயோ போயிருப்பாய்ங்க"ன்னாக, அது எனக்குன்னு புரிஞ்சுது.

வைத்தியம் என்னன்னா, கொண்டில சங்கிலிய மாட்டுன பெறகு அந்த ஓட்டைல ஒரு குச்சி. அவ்வளவுதான். ஒரு சாண் வேப்பங்குச்சிய சொருகிட்டா சங்கிலி துள்ளாது. பூட்டே போடலாம், ஆனா சாவியத் தேடுறதுக்குப் பயந்துக்கிட்டு நாம பூட்டாம விட்டுருவோம், குச்சின்னா போடுவோம். உங்க வீட்டுக் கதவு இதே மாதிரி இருக்கணும்னு இல்ல. கீழ அழுத்துற கைப்புடி வச்ச புதுக் கதவுன்னா நாய் முன்னங்கால வச்சு அழுத்தித் தெறந்துரும், அதுக்கு மேல ஒசரத்துல ஒரு தாழ்ப்பாள் போடுங்க, இல்ல உருண்டைக் குமிழா மாத்துங்க. கதவே இல்லாத ஹால் கிச்சன்னா கொழந்தைகளுக்கு மாடிப்படில வைக்கற மாதிரி தடுப்பு கெடைக்குது, அது சின்ன நாய்க்கு ஆகும், ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை மாதிரி வளத்தியான வேட்டை நாய் வச்சிருக்கறவுகளுக்கு அது தாண்டி வெளாடுறதுக்குதான் ஆகும். அவுக வேற ஒரு ரூம நாய்க்குன்னு ஒதுக்குறது நல்லது.

வீடியோல இன்னொன்னும் பாக்கணும். நீங்க போன ஒடனே நாய் வாசக் கதவப் பிராண்டுதா, ஊளையிடுதா, எச்சில் ஒழுக அங்கயும் இங்கயும் அலையிதா, வச்ச சோத்தத் தொடவே இல்லையா, அப்படின்னா அது திருட்டு கேஸ் இல்ல, தனியா இருக்க பயம். அந்த நாய ஒரு ரூம்ல போட்டு அடைச்சா நெலைம இன்னும் மோசமாகும், கதவக் கடிச்சுப் பல்ல ஒடைச்சுக்கற நாயெல்லாம் உண்டு. அதுக்கு நேரா கால்நடை டாக்டரப் பாருங்க, கீழ நான் எழுதறது அதுக்கு இல்ல. புலி மாதிரி நிதானமா, வாலாட்டிக்கிட்டே, வேலைக்குப் போற ஆள் மாதிரி போகுதுன்னா தொடர்ந்து படிங்க.

வேலைக்குப் போற ஆளுன்னு சும்மா சொல்லல. நாய்க்கு அடுப்படி ஒரு வேலை, அங்க கெடைக்கறது கூலி. கதவத் தள்ளுனா சீடை, மேடைல கால வச்சா தோசை, குப்பைக் கூடையக் கவுத்தா எலும்பு. நாய் வால நிமுத்த முடியாதும்பாக, ஆனா இங்க வால்ல ஒரு கொறையும் இல்ல, கூலி குடுக்கற கைதான் நிக்க மாட்டேங்குது. இதுல ஒரு மோசமான கணக்கு இருக்கு. தெனமும் கூலி கெடைச்சு ஒரு நாள் நின்னு போச்சுன்னா நாய் சீக்கிரம் விட்டுரும். எப்பவாவது கெடைச்சா, பத்துல ஒரு தடவ கெடைச்சா, விடவே விடாது, லாட்டரி வாங்குற ஆள் மாதிரி இன்னைக்குக் கெடைக்கும் இன்னைக்குக் கெடைக்கும்னு போய்க்கிட்டே இருக்கும். ஒம்பது நாள் ஒழுங்கா அடைச்சுட்டு பத்தாவது நாள் அவசரத்துல விட்டுட்டுப் போறோம் பாருங்க, அதுதான் நாய்க்கு நல்லா மனசுல பதியிற பாடம்.

சரி, அடைச்சுட்டீங்கன்னு வைங்க. மொத வாரம் அது கூடத்தான் பண்ணும். புலி அஞ்சாவது நாள் கதவ நகத்தால கீறுச்சு, நிலைப்படிய நக்குச்சு, கொஞ்சம் கொரைச்சும் பாத்துச்சு, எங்க ஆத்தா "பாவம்டா, பசிக்குது போல"ன்னு உருகிட்டாக. பசி இல்ல. வழக்கமா வர்ற கூலி வரலைன்னா நாமளும் ஆபீஸ்ல சத்தம் போட மாட்டோமா. அந்த நேரத்துல மனசு எளகி கதவத் தெறந்து ஒரு துண்டு போட்டீங்கன்னா, சத்தம் போட்டாதான் சம்பளம்னு கத்துக்கும்.

கதவுக்குள்ளயும் கொஞ்சம் வேலை இருக்கு, ஏன்னா குச்சி ஒரு நாள் மறந்து போகும். மேடை மேல திங்கற சாமான் எதுவுமே இருக்கக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கக் கூட தொடைச்சு விடுங்க, அதுக்கு இருக்கற மூக்குக்கு நம்ம கண்ணுக்குத் தெரியாத குழம்புத் துளியே போதும். ஓலைக்கொட்டான் அழகுக்குத்தான், பலகாரத்துக்கு கிளிப் வச்ச எவர்சில்வர் தூக்குதான் சரி. சாதா அழுத்து மூடி சம்படத்த புலி கீழ தள்ளி உருட்டியே தெறந்துருச்சு, பிளாஸ்டிக் டப்பான்னா கடிச்சுத் தெறக்கும், துண்டையும் சேத்து முழுங்கும். முக்காலி, பாட்டுப்பெட்டி ஸ்டூல், அரிசி மூட்டை, எதுவும் மேடைக்குப் பக்கத்துல வேண்டாம், அதெல்லாம் அதுக்குப் படிக்கட்டு. அருவாமனைய மடக்கி ஒசரத்துல வைங்க. பிரிட்ஜ் கைப்புடில கைத்துண்டு தொங்க விடற பழக்கம் பாதி வீட்ல இருக்கு, அது நாய்க்கு நாமளே கயிறு கட்டிக் குடுத்த மாதிரி, இழுத்தா கதவு வந்துரும். பிரிட்ஜுக்கு ஒட்டுற மாதிரி சைல்டு லாக் பட்டை விக்குது, வெலையும் அதிகமில்ல, ஆனா ஒட்டி ஒரு நாள் காய விட்டாதான் நிக்கும்.

உறிய மறந்துட்டோம் பாருங்க. அப்பத்தா சொல்லித்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு, பின்கட்டு விட்டத்துல இன்னமும் அந்தக் கொக்கி இருக்கு. அந்தக் காலத்துல தயிர், வெண்ணெய், மீந்த குழம்பு எல்லாத்தையும் பூனைக்கும் எறும்புக்கும் பயந்து உறியிலதான தொங்க விட்டாக. இப்ப எங்க வீட்ல மறுபடியும் ஒரு உறி தொங்குது, கயித்துல பின்னுனது, வெளியூருப் பயலுக வந்தா அத நின்னு போட்டோ எடுக்கறாய்ங்க, உள்ள இருக்கறது ராத்திரி மீந்த கோழிக்கொழம்புன்னு அவுகளுக்குத் தெரியாது.

இப்ப கேஸ் அடுப்பு. இத தயவுசெஞ்சு வேகமாப் படிச்சுட்டுப் போயிராதீங்க. மேடை மேல கால் வைக்கற நாயோட முன்னங்கால் சரியா அடுப்புத் திருகு இருக்கற எடத்துலதான் படும். திருகு திரும்புனா கேஸ் கசியும், தானா பத்திக்கற அடுப்புன்னா தீயே வரும், மேல ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தா வீடு போச்சு. வெளிநாட்டுல வீட்டுக் கேமராவுலயே இது பதிவாகியிருக்கு, நாய் அடுப்பப் பத்த வச்சு தீயணைப்பு வண்டி வந்திருக்கு. அதனால வெளிய கெளம்பறப்ப சிலிண்டர்ல ரெகுலேட்டர மூடிட்டுப் போங்க. நாய் இருக்கோ இல்லையோ, அத மூடுறது நல்லதுதான்.

அடுத்து சாமான். சீடையத் தின்னதுல புலிக்கு ஒரு நாள் வயித்தால போனதோட சரி, ஆனா நம்ம சமையல்ல நாய்க்கு வெஷமானது நெறைய இருக்கு. வெங்காயமும் பூண்டும் மொத எடம், அதுவும் நம்ம பக்கம் சின்ன வெங்காயத்த உரிச்சுக் கொட்டாம எந்தக் கொழம்பும் எறங்காது. அது நாயோட ரத்த சிவப்பணுவ ஒடைக்கும், பச்சையா இருந்தாலும் வதக்குனாலும் பொடியானாலும் அதேதான், நாயோட எடைல கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே போதும்ங்கறாக, பூண்டு அதவிட வீரியம். தின்ன அன்னைக்கு ஒன்னும் தெரியாது, ரெண்டு மூணு நாள் கழிச்சு ஈறு வெளுத்து, மூத்திரம் கருஞ்செவப்பாப் போயி, எந்திரிக்க மாட்டாம படுத்துக்கும். பாயசத்துல கேசரில போடற ஒலந்த திராட்சை, அது கிட்னிய அடிக்கும், இவ்வளவு வரைக்கும் பரவாயில்லன்னு ஒரு கணக்கு அதுக்கு கெடையாது. சாக்லேட், கருப்பா இருக்க இருக்க மோசம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மிட்டாயில சைலிட்டால்னு ஒன்னு போடுவாக, அது நாய்க்கு ரத்தத்துல சர்க்கரைய படார்னு எறக்கிரும். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியா ஒடையும், தொண்டையில இல்ல குடல்ல குத்தும். பொரிச்ச எண்ணெய மொத்தமா நக்குச்சுன்னா கணையம் வீங்கிப் போகும்.

இதுல ஏதாவது தின்னுருச்சுன்னு தெரிஞ்சா, என்ன தின்னுச்சு, எவ்வளவு, எத்தன மணிக்கு, நாய் எத்தன கிலோ, இந்த நாலையும் குறிச்சுக்கிட்டு ஒடனே டாக்டருக்குப் போன் பண்ணுங்க. உப்புத் தண்ணியக் கரைச்சு ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க, நம்ம ஊர்ல எல்லாரும் சொல்ற வைத்தியம் அது, உப்பே நாயக் கொன்னுரும்.

அதே மாதிரி மெளகாப்பொடி யோசனை. பக்கத்து வீட்டு மாமா வந்து, தோசைக்குள்ள மெளகாப்பொடிய வச்சு மேடைல போடு, ஒரு தடவ தின்னா ஜென்மத்துக்கும் வராதுன்னாரு. வரும். தோசைய மோந்து பாத்துட்டு வேற தோசைய எடுக்கும், மூக்கு எரிஞ்சு கண்ணு எரிஞ்சு வாயில்லா ஜீவன் அவதிப்படறது மட்டும்தான் மிச்சம். பெனாயில ஊத்தி வைக்கறது, அந்துருண்டையப் போட்டு வைக்கறது ரெண்டும் அதவிட ஆபத்து, நக்குனாலே வெஷம்.

அடிக்கறதப் பத்தி. நீங்க ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, மூணு மணிக்கு நடந்த திருட்டுக்கு அடிச்சா, நாய் கத்துக்கறது ஒன்னே ஒன்னுதான், இந்த ஆளு வீட்டுக்கு வந்தா அடி விழும். "அதுக்குத் தெரியும்ப்பா, தப்புப் பண்ணுனது தெரிஞ்சுதான் காத மடக்கிக்கிட்டு தலையக் குனியிது"ன்னு எங்க அப்பச்சியே சொல்வாக. 2009ல நியூயார்க் பர்னார்ட் காலேஜ்ல இத 14 நாய வச்சு சோதிச்சுப் பாத்தாக. திங்காத நாயவும் தின்னுருச்சுன்னு அதோட எசமான்கிட்ட பொய் சொல்லித் திட்ட வச்சாக. தின்ன நாயும் திங்காத நாயும் திட்டு வாங்குனப்ப அதே குத்தவாளி மூஞ்சியத்தான் காட்டுச்சு. தலையக் குனியிறது நம்ம மொகத்தப் பாத்து, சீடைய நெனச்சு இல்ல.

ஆனா நாம இல்லாத நேரம் எதுன்னு மட்டும் அதுக்கு நல்லாத் தெரியும். 2003ல ஜெர்மனி லைப்சிக்ல மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துல, சாப்பாட்ட வச்சு எடுக்காதன்னு சொல்லிட்டு, ஆளு பாத்துக்கிட்டு இருக்கறப்ப, முதுகக் காட்டறப்ப, கண்ண மூடிக்கிட்டு இருக்கறப்ப, ரூம விட்டே போயிட்டப்பன்னு மாத்தி மாத்திப் பாத்தாக, நேரா பாத்துக்கிட்டு இருக்கறப்பதான் நாய் கொறைச்சலா எடுத்துச்சு. இங்கிலாந்து போர்ட்ஸ்மவுத் யுனிவர்சிட்டிக்காரவுக 2013ல போட்டதுல, சாப்பாட்டு மேல வெளிச்சம் இல்லாதப்ப கூடுதலாத் திருடுச்சு. இத நான் ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, "விடு"ன்னு பழக்குனா போதும், கதவுக்குக் குச்சி எதுக்குன்னு கேக்கறவுக இருக்காக. விடுங்கற பழக்கம் நீங்க வீட்ல இருக்கறப்பதான் செல்லும். வெளிய போனா குச்சிதான் பேசும்.

அதுக்காகப் பழக்காம இருக்காதீங்க. ஒரு நாளைக்கு அஞ்சு நிமிசம் போதும். கைல ஒரு துண்டு அவிச்ச முட்டைய வச்சு முஷ்டிய மூடி நாய் மூக்குக்குக் கீழ நீட்டுங்க. நக்கும், பல்லால சீண்டும், கால் போடும், நீங்க பேசவே கூடாது, கையவும் எடுக்கக் கூடாது. எப்பவாவது ஒரு நொடி சலிச்சுப் போயி மூக்கப் பின்னால இழுக்கும் பாருங்க, அந்த நொடில "நல்ல பய"ன்னு சொல்லி இன்னொரு கைல இருக்கற முட்டையக் குடுங்க. மூடுன கைல இருக்கறத எப்பவும் குடுக்காதீங்க, விட்டா வேற எடத்துல இருந்து வரும்னு அதுக்குப் புரியணும். புலிக்கு மொத நாள் இந்த ஒரு நொடி வர்றதுக்கே முழுசா ரெண்டு நிமிசம் ஆச்சு, என் கையெல்லாம் எச்சில். மூணாவது நாள் கைய நீட்டுன ஒடனே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு கூரையப் பாத்துச்சு, அப்பதான் "விடு"ங்கற வார்த்தையச் சேத்தேன். அப்பறம் தரைல வச்சு கையால மூடி, அப்பறம் கைய எடுத்து, முக்காலி மேல, கடைசியா மேடை ஓரத்துல. ஒவ்வொரு படியும் ரெண்டு மூணு நாள். தப்பாப் போனா ஒரு படி எறங்கி வந்துருங்க.

கூடவே பாய். வளவு ஓரத்துல பழைய கோரைப்பாய் ஒன்னப் போட்டு, நாம அடுப்படில இருக்கற நேரமெல்லாம் புலிக்கு அதுலதான் தீனி. காய் நறுக்கறப்ப ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்க ஒரு துண்டு கேரட்ட அங்க எறிவோம். அடுப்படி வாசல்ல நின்னா ஒன்னும் வராது, பாயில படுத்தா வரும், அவ்வளவுதான் சட்டம்.

இந்தச் சட்டத்த ஒடைச்சது நாய் இல்ல, அப்பத்தா. நாங்க பழக்கிக்கிட்டு இருந்த மூணு வாரமும் புலி மத்தியானம் மட்டும் அடுப்படி வாசல்லயே நின்னுச்சு, காரணமே புரியல. மறுபடியும் போன வச்சுப் பாத்தா, நாங்க தூங்குற நேரத்துல அப்பத்தா மெதுவா சொவத்தப் புடிச்சுக்கிட்டு வந்து மாவுருண்டைய ரெண்டாப் புட்டு பாதி அவுக வாயில, பாதி புலி வாயில. கேட்டா "ஒரே ஒரு துண்டுதானப்பா, அதுவும் நானும் தனியாத்தான கெடக்கோம்"ன்னாக. என்னத்தச் சொல்ல. குடுக்காதீகன்னு சொன்னா நடக்காது, 84 வயசு. அதனால ஒரு சின்னத் தூக்குல அவிச்ச கோழித் துண்டு, உப்பு மசாலா இல்லாம, அப்பத்தா கட்டிலுக்குப் பக்கத்துல வச்சுட்டோம், ஆனா பாயில படுத்தாதான் குடுக்கணும்னு ஒரு கண்டிசன். இப்ப எங்க எல்லாரையும் விட அப்பத்தாதான் நாயக் கண்டிப்பாப் பழக்கறாக, அது பாய விட்டு ஒரு கால் வெளிய வச்சாலும் "ம்ஹூம்"னு தூக்க மூடிர்றாக. உங்க வீட்லயும் யாரோ ஒரு அப்பத்தா இருப்பாக, மொதல்ல அவுகளக் கண்டுபுடிங்க.

கடைசியா வேலை. கூலிய நிறுத்துனா மட்டும் பத்தாது, புத்திசாலி நாய்க்கு வேற வேலை குடுத்தாகணும், இல்லைன்னா சோபாவுக்குப் போகும். கெளம்பறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நடத்திக் கூட்டிட்டுப் போங்க, வேகமா இல்ல, அது நிக்கற எடத்துலயெல்லாம் மோந்து பாக்க விட்டு. எங்க ஊரு வெயிலுக்கு ஏழு மணிக்குள்ள முடிச்சுருங்க, பொறங்கைய ரோட்டுல ஏழு நொடி வைக்க முடியலைன்னா நாய் காலும் சுடும். வந்து கொஞ்சம் ஆறுன பெறகு சாப்பாடு, அதத் தட்டுல போடாதீங்க. நான் பாதிய வளவு முழுக்க அங்கங்க எறச்சு விட்டுருவேன், மழைக்காலம்னா கூரை இருக்கற பட்டாலைல. மீதிய தயிர் சேத்துப் பெசஞ்சு, நடுவுல ஓட்டை இருக்கற ரப்பர் பொம்மைக்குள்ள அடைச்சு ராத்திரியே பிரீசர்ல வச்சு, கதவச் சாத்தற நேரத்துல கையில குடுத்துருவேன். அத நக்கி முடிக்க புலிக்கு முக்கா மணி நேரம் ஆகுது. வீடியோல பாத்தோம்ல, பைக் சத்தம் அடங்குன மொத பத்து நிமிசம்தான் ஆபத்தான நேரம், அந்த நேரம் இதுலயே போயிரும். சிரட்டைல வச்சுக் குடுக்கலாமான்னு ஒரு மச்சான் கேட்டாரு, வேண்டாம், கடிச்சா சில்லு சில்லா ஒடையும்.

மொத மொத விட்டுட்டுப் போறப்ப அஞ்சு நிமிசம், அப்பறம் பதினஞ்சு, அரை மணின்னு கூட்டுங்க. எடுத்த எடுப்புல மூணு மணி நேரக் கல்யாணத்துக்குப் போகாதீங்க. தைப்பூசத்துக்கு பழனி நடைப்பயணம் போற வீடுன்னா கேக்கவே வேண்டாம், அத்தன நாளைக்கு ஆள் வச்சாதான் உண்டு, அந்த ஆளுக்கும் குச்சி, பாய், ரெகுலேட்டர் மூணையும் காட்டிக் குடுத்துட்டுப் போங்க.

போன வாரம் நாங்க வீட்டுக்கு வந்தப்ப அடுப்படில பால் சட்டி கவுந்து கெடந்துச்சு. ஆத்தா வெளக்கமாத்தத் தூக்கிட்டாக. கதவுல குச்சி சொருகுனபடி இருக்கு, புலி பாயில தூங்குது. வீடியோவப் போட்டா, சன்னல் வழியா ஒரு கடுவன் பூனை.

உறியில வச்சிருக்கணும்.